மலையகத் தேயிலைத் தொழிற்சாலையில் களஞ்சிய இட ஒதுக்கீடு: தூரம், எடை, காலம்

1. ஆய்வுக்குரிய வினா

தேயிலைத் தொழிற்சாலைக்குள் வரும் 100 கிலோகிராம் பச்சைக் கொழுந்து ஏறத்தாழ 22 கிலோகிராம் தேயிலையாக வெளியேறுகிறது. இடையில் அது பல தடவை இறக்கப்பட்டு, பரப்பப்பட்டு, அள்ளப்பட்டு, அடுக்கப்பட்டு, மீண்டும் தூக்கப்படுகிறது. இந்த நகர்வுகளில் எதுவும் கொழுந்தின் தரத்தை உயர்த்துவதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கூலியும் நேரமும் எரிபொருளும் செலவாகின்றன. பொருள் கையாளல் செலவு எனப்படுவது இதுவே. எந்தப் பொருளை எந்த இடத்தில் வைப்பது என்ற முடிவு இந்தச் செலவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஏற்றுவாசலுக்கு அடிக்கடி போய்வரும் பொருளை வாசலுக்கு அருகில் வை என்பதே களஞ்சிய இட ஒதுக்கீடு பற்றிய நூல்களின் அடிப்படை விதி. பெரும்பாலும் பொதிசெய்த பண்டங்களைக் கையாளும் களஞ்சியங்களை மனத்திற்கொண்டு எழுந்த விதி அது. வழி நெடுக எடை குறையும், நேரம் தவறினால் கெடும், ஈரத்தையும் வாசனையையும் உறிஞ்சும் பொருளைக் கையாளும் மலையகத் தேயிலைத் தொழிற்சாலைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வினா. றொசல்ல, வட்டவளை, ஹட்டன் வட்டாரத்தின் இயற்கையும் தொழில் முறையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

2. கட்டடம் வகுத்த ஒதுக்கீடு

1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்குவதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக அளவில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்தபோது அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்காகக் கட்டப்பட்ட களஞ்சியங்கள் பலவற்றில் தொடக்ககாலத் தேயிலை தயாரானது. தேயிலைத் தொழிற்சாலையை மலையக மக்கள் ‘ஸ்டோர்’ என்று குறிப்பிடும் வழக்கு இன்றுவரை நிலைத்திருக்கிறது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. மலையக ரயில்பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அப்பாதையில் வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே அமைந்த றொசல்ல நிலையம் போன்றவை, சுற்றுவட்டாரத் தோட்டங்களைத் துறைமுகத்தோடு இணைத்தன.

இக்காலத்திற்குப் பின் எழுந்த பெருந்தொழிற்சாலைகள் ஒரு பொது வடிவம் கொண்டவை. கீழ்த்தளத்தில் உருட்டும் இயந்திரங்களும் டிரையரும் சலிப்பு அறையும் இருக்கும். மேலே இரண்டு, மூன்று, சிலவற்றில் நான்கு தளங்கள் முழுவதும் கொழுந்து வாட்டும் மாடிகள். சாக்குத்துணித் தட்டுகளில் கொழுந்தை மெல்லிய படையாகப் பரப்ப வேண்டியிருந்ததால் பெரும் பரப்பு தேவைப்பட்டது. காற்றுக்கு உயரமும் வரிசை வரிசையான சன்னல்களும் வேண்டியிருந்தன. டிரையர் பக்கத்திலிருந்து வரும் வெப்பக்காற்றையும் மேலே இழுத்துப் பயன்படுத்தினார்கள். வாடிய கொழுந்து சரிவுக் குழாய் வழியாகத் தன் எடையாலேயே கீழே உள்ள ரோலர்களுக்கு இறங்கியது.

1960களுக்குப் பின் பரவிய வாட்டும் தொட்டிகள் இந்த நியாயத்தை மாற்றின. விசிறி அடியிலிருந்து காற்றைத் தள்ளும் தொட்டியில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிலோகிராம் கொழுந்தைப் பரப்பலாம். 6 அடி அகலமும் 80 அடி நீளமும் கொண்ட தொட்டி ஒன்றில், இக்கணக்கின்படி, 1,200 கிலோகிராம் அளவு அடங்கும். பழைய தட்டுகளில் இதே அளவைப் பரப்ப ஒரு முழு மாடிகூடப் போதாமற் போகலாம். கந்தப்பொளையில் மூடப்பட்ட ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் விடுதியாகத் திறக்கப்பட்டபோது அதன் வாட்டு மாடிகள் விருந்தினர் அறைகளாயின. பழைய முறை எவ்வளவு இடத்தை விழுங்கியது என்பதற்கு அக்கட்டடம் சான்று.

இன்றும் இயங்கும் தொழிற்சாலைகள் பலவற்றில் தொழில்நுட்பம் மாறியிருக்க, கட்டடம் பழையதாகவே இருக்கிறது. அங்கே இட ஒதுக்கீடு என்பது வெற்று நிலத்தில் புதிதாக வரைபடம் போடுவதாக அமையாது. நூறாண்டுச் சுவர்களுக்குள், அசைக்க முடியாத இயந்திரங்களுக்கு இடையே, அசைக்கக் கூடியவற்றுக்குத் தகுந்த இடம் தேடுவதாகவே அமையும்.

3. கோட்பாடுகள் கூறுபவை

இத்துறையின் அறிவு மூன்று தடங்களில் வளர்ந்தது.

முதல் தடம் கணிதம் சார்ந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் அளவையும் தூரத்தையும், ஓர் அலகை ஒரு மீற்றர் நகர்த்தும் செலவையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தச் செலவு கிடைக்கும். அதைக் குறைக்கும் அமைப்பே சிறந்தது. பிரிவுகள் ஒன்றோடொன்று பொருளைப் பரிமாறிக்கொள்ளும் நிலையை 1957இல் கூப்மன்ஸும் பெக்மனும் இருபடி ஒதுக்கீட்டுச் சிக்கலாக வடித்தனர். பத்துப் பிரிவுகளைப் பத்து இடங்களில் அமர்த்த 36,28,800 வழிகள் உண்டு. எண்ணிக்கை கூடக் கூட, சரியான விடையை உறுதியாகக் காண்பது கணினிக்கும் அரிதாகும். மாறாக, பண்டங்கள் தமக்குள் பரிமாற்றமின்றி ஒரு வாசலோடு மட்டுமே தொடர்புடையவை என்றால் சிக்கல் எளிதாகிறது. 1955இல் ஹாரோல்ட் கூன் வெளியிட்ட ‘ஹங்கேரிய முறை’ அத்தகைய ஒதுக்கீட்டை விரைவாகத் தீர்க்கும்.

இரண்டாவது தடம் களஞ்சிய நடைமுறை சார்ந்தது. 1963இல் ஜே. எல். ஹெஸ்கெட் முன்வைத்த குறியீடு, ஒரு பண்டத்துக்குத் தேவையான இடத்தை அதன் போக்குவரத்துத் தடவைகளால் வகுக்கிறது. ஈவு சிறிதான பண்டம் வாசலுக்கு அருகில் வர வேண்டும். அடிக்கடி நகரும் பண்டமாக இருந்தாலும் அது பேரிடத்தை அடைக்குமானால் முன்வரிசைக்குத் தகுதி குறைகிறது. 1976இல் ஹவுஸ்மன், ஷ்வார்ஸ், கிரேவ்ஸ் ஆகியோர் வகுப்புவாரி ஒதுக்கீட்டை ஆராய்ந்தனர். ஒவ்வொரு பண்டத்துக்கும் தனியிடம் குறிக்காமல் வேகமானவை, நடுத்தரமானவை, மந்தமானவை என மூன்று வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்குள் எங்கு இடம் இருக்கிறதோ அங்கு வைத்தாலே பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்பது அவ்வாய்வின் சாரம்.

மூன்றாவது தடம் அமைப்பியல் சார்ந்தது. ரிச்சர்ட் மூதர் 1961இல் வெளியிட்ட திட்டமிடல் முறை, எவை அருகருகே இருக்க வேண்டும் என்பதோடு எவை அருகருகே இருக்கவே கூடாது என்பதையும் பதிவு செய்யச் சொன்னது. தூரத்தை மட்டும் பார்க்கும் கணக்கு தவறவிடுவதை இந்த முறை பிடித்துக்கொள்கிறது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து ஒரே திசையில், ஒரே வரிசையில் செல்கிறது. டிரையரும் அடுப்பும் ரோலர்களும் இடம் மாறாதவை. ஆகவே பிரிவுகள் தமக்குள் பின்னிக் கிடக்கும் இருபடிச் சிக்கல் இங்கே பெரும்பாலும் எழுவதில்லை. பெறுமிடம், வாட்டும் தொட்டிகள், விறகுக் கொட்டகை, தரவாரித் தொட்டிகள், பொதிக் களஞ்சியம் ஆகியவற்றைத் தனித்தனியே எளிய ஒதுக்கீட்டுக் கணக்காகக் கொள்ளலாம். ஒரு தாளும் பேனையும் போதும்.

4. பொதிக் களஞ்சியம்: ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

ஹெஸ்கெட்டின் விதி என்ன தருகிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனைக் களஞ்சியத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரே ஏற்றுவாசல். வாசலிலிருந்து 2 மீற்றர், 4 மீற்றர் என 24 மீற்றர் வரை பன்னிரண்டு அறைகள் ஒரே நடைபாதையில் அமைந்துள்ளன. ஐந்து தரவகைத் தேயிலை, வழக்கமான சுருக்கப்பெயர்களில், அங்கே வைக்கப்படுகிறது. தள்ளுவண்டியின் மாதாந்தத் தடவைகள் பின்வருமாறு எனக் கொள்வோம்.

| வகை | தேவையான அறைகள் | மாதத் தடவைகள் | ஓர் அறைக்குத் தடவைகள் |
|---|---|---|---|
| பி.ஓ.பி. | 4 | 160 | 40 |
| பி.ஓ.பி.எப். | 3 | 150 | 50 |
| டஸ்ட் | 1 | 60 | 60 |
| ஓ.பி. | 2 | 30 | 15 |
| கழிவுத் தரங்கள் | 2 | 20 | 10 |

ஒழுங்கின்றி, கிடைத்த இடத்தில் வைத்தால் சராசரித் தூரம் 13 மீற்றர். 420 தடவைகளுக்கு ஒருவழித் தூரம் 5,460 மீற்றர். அதிக தடவை நகரும் பி.ஓ.பி.யை வாசலருகே வைத்து, மற்றவற்றைத் தடவைகளின் இறங்குவரிசையில் அடுக்கினால் அது 4,590 மீற்றராகக் குறைகிறது. ஹெஸ்கெட்டின் விதிப்படி டஸ்ட், பி.ஓ.பி.எப்., பி.ஓ.பி., ஓ.பி., கழிவுத் தரங்கள் என வரிசைப்படுத்தினால் 4,130 மீற்றர் மட்டுமே. ஒழுங்கற்ற அடுக்கலோடு ஒப்பிட்டால் இது 24 வீதக் குறைவு. மந்தமாக விற்பனையாகும் தரங்கள் வாசலருகே தேங்கிக் கிடக்க, டஸ்ட் கடைசி மூலையில் இருக்கும் மோசமான அமைப்பில் தூரம் 6,790 மீற்றராகிறது. அதோடு ஒப்பிட்டால் 39 வீதக் குறைவு.

விதியின் வலிமை இங்கே தெளிவு. பணம் செலவிடாமல், சுவர் இடிக்காமல், அடுக்கும் வரிசையை மாற்றியதாலேயே நடை குறைகிறது. எனினும் இரண்டு திருத்தங்கள் அவசியமாகின்றன.

முதலாவது, ஒவ்வொரு தரத்துக்கும் நிலையான இடம் குறித்தால் ஒவ்வொன்றின் உச்ச அளவுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். எல்லாத் தரங்களும் ஒரே நாளில் உச்சத்தை எட்டுவதில்லை. பொதுவில் பகிர்ந்துகொள்ளும் இடம் குறைவாகவே போதும். ஆனால் முழுதும் பகிர்ந்தால் தரங்கள் மாறிப்போகும் அபாயம் உண்டு. ஏலத்துக்குச் செல்லும் தொகுதியில் வேறு தரச் சாக்கு ஒன்று கலந்தால், மாதிரியைச் சுவைத்து விலை கூறியவரின் நம்பிக்கையே போய்விடும். மூன்று வகுப்பு முறை இவ்விரண்டுக்கும் நடுவழியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது, தேயிலை சாக்குச் சாக்காக விற்பனையாவதில்லை. ஒரே சீராகக் கலந்து பொதிசெய்த தொகுதியாக, ‘இன்வொய்ஸ்’ வாரியாகவே விற்பனையாகிறது. ஒரு தொகுதிக்குப் பின்னால் இன்னொரு தொகுதி அடுக்கப்பட்டு, பின்னது முதலில் விற்றுப்போனால் முன்னதை முழுவதும் இடம் மாற்றியே அதை வெளியே எடுக்க முடியும். வாசலருகே வைத்ததால் மிச்சமான நடையை இந்த ஒரு மறுதூக்கல் விழுங்கிவிடும். அறையின் அளவு தொகுதியின் அளவோடு ஒத்திருப்பதும், ஒவ்வோர் அறையும் நடைபாதைக்கு நேரே திறந்திருப்பதும் வாசல் தூரத்தைவிட முக்கியமாகின்றன.

5. எடை குறையும் பாதை

மேற்கண்ட கணக்கு பொதிக் களஞ்சியத்தோடு நிற்கிறது. தொழிற்சாலை முழுவதையும் பார்த்தால் முன்னுரிமை மாறுகிறது.

பச்சைக் கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். 77 வீத ஈரம் எனக் கொண்டால் 100 கிலோகிராம் கொழுந்தில் திண்மம் 23 கிலோகிராம். ஈரம் 55 வீதமாகும் வரை வாட்டினால் எடை 51 கிலோகிராமாகிறது. டிரையரிலிருந்து 3 வீத ஈரத்தோடு வெளிவரும்போது 24 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. தும்பும் தண்டும் நீங்கிய பின் 22 அளவில் நிற்கிறது.

நாளொன்றுக்கு 1,000 கிலோகிராம் தேயிலை தயாரிக்கும் தொழிற்சாலை ஏறத்தாழ 4,600 கிலோகிராம் கொழுந்தைப் பெறுகிறது. ஒரு மீற்றர் தூரத்தைக் கொழுந்து நிலையில் குறைத்தால் 4.6 தொன்-மீற்றர் மிச்சம். வாடிய கொழுந்து நிலையில் 2.3. தேயிலையான பின் 1. அதாவது கொழுந்து பெறுமிடத்துக்கும் வாட்டும் தொட்டிக்கும் இடையே 10 மீற்றரைக் குறைப்பது, பொதிக் களஞ்சியத்தில் 46 மீற்றரைக் குறைப்பதற்குச் சமம். களஞ்சிய அடுக்கலைச் சீராக்குவதில் மட்டும் கவனம் செலுத்தும் மேலாண்மை, செலவின் சிறிய முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கொழுந்தை மேல்மாடிக்கு ஏற்றுவது பெருஞ்செலவு என்ற கருத்தும் இங்கே சோதிக்கப்பட வேண்டும். 4,600 கிலோகிராமை 5 மீற்றர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2,25,000 ஜூல். அது ஒரு மின் அலகின் பதினாறில் ஒரு பங்களவே. மோட்டாரின் இழப்பைச் சேர்த்தாலும் மின்கட்டணத்தில் இது தெரியாது. ஒரு கிலோவாட் விசிறி பத்து மணிநேரம் ஓடினாலே 10 அலகு செலவாகும். ஆகவே உயரத்தால் வரும் செலவு ஆற்றலில் இல்லை. லொறியிலிருந்து இறக்குதல், தூக்கியில் மாட்டுதல், மேலே கழற்றுதல், தொட்டி வரை இழுத்தல், விரித்தல் என ஒவ்வொரு தொடுகையிலும்தான் இருக்கிறது. ஒரு தேவையற்ற தொடுகை கூடினால் அன்றாடம் 4.6 தொன் கூடுதலாகக் கைகளால் தூக்கப்படுகிறது. ஒவ்வொரு தொடுகையிலும் கொழுந்து நசுங்குகிறது. நசுங்கிய இடம் உருட்டுவதற்கு முன்பே சிவக்கத் தொடங்கித் தரம் கெடுகிறது.

மலைச்சரிவு இங்கே ஒரு வாய்ப்பாகிறது. சரிவில் எழுந்த தொழிற்சாலையின் மேல்தளத்துக்கு நேராக வண்டிப்பாதை அமைய முடியுமானால் லொறி வாட்டு மாடியின் மட்டத்திலேயே வந்து நிற்கும். அங்கிருந்து மோனோரெயில் கொக்கியில் சாக்குகளை மாட்டித் தள்ளினால் இரண்டு தொடுகைகள் மிச்சமாகும். அத்தகைய பாதை அமையாத தொழிற்சாலையில், பெறுமிடத்துக்கு அருகிலுள்ள தொட்டிகளை முதலில் நிரப்புவதே எளிய வழி. வரத்துக் குறைந்த மாதங்களில் நான்கு தொட்டிகளில் இரண்டு மட்டுமே நிரம்பும் என்றால், அந்த இரண்டும் பெறுமிடத்துக்கும் சரிவுக் குழாய்க்கும் கிட்டியவையாக இருக்க வேண்டும். தொட்டிகளைச் சுழற்சி முறையில் சமமாகப் பயன்படுத்தும் பழக்கம் இந்த இலாபத்தை இழக்கச் செய்கிறது.

6. இடத்தை உண்டாக்கும் காலம்

ஓரிடத்தில் சராசரியாக இருக்கும் சரக்கின் அளவு, அது வரும் வேகத்தை அங்கே தங்கும் காலத்தால் பெருக்கியதற்குச் சமம். ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய இந்த உண்மை களஞ்சியச் சிந்தனையின் அடித்தளம். நாளுக்கு 1,000 கிலோகிராம் தயாராகி 21 நாள் தங்கினால் களஞ்சியத்தில் 21,000 கிலோகிராம் நிற்கும். 14 நாளாகக் குறைந்தால் 14,000. தங்கும் காலம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தேவையான இடமும் அவ்வளவு குறைகிறது. இடம் சுருங்கினால் நடையும் தானே சுருங்கும்.

தேயிலை கொழும்புக்குப் போய்க் காத்திருந்து விற்கப்படுவதும் உண்டு. தோட்டக் களஞ்சியத்தில் இருக்கும்போதே மாதிரி மட்டும் அனுப்பி விற்கப்படுவதும் உண்டு. பின்னதில் விற்பனை முடியும் வரை இடம் தோட்டத்தின் பொறுப்பு. எனவே ஏல நாட்காட்டியும் களஞ்சிய வரைபடமும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியவை.

தரங்களுக்கு இடையிலான இடத்தேவை வேறுபாடும் காலத்தால்தான் விளைகிறது. ஒரு தொகுதிக்கு 400 கிலோகிராம் வேண்டும் எனக் கொள்வோம். உற்பத்தியில் 40 வீதமாக வரும் தரம் ஒரே நாளில் தொகுதியாகிவிடும். 2 வீதமாக வரும் தரத்துக்கு 20 நாள் தேவை. அதுவரை அது தரவாரித் தொட்டியை அடைத்துக்கொண்டிருக்கும். சிறுதரங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது நல்ல விலை தரலாம். ஆயினும் ஒவ்வொரு புதிய தரமும் ஒரு தொட்டியையும் ஒரு மூலையையும் நிரந்தரமாகக் கேட்கிறது. அந்த இடத்தின் செலவையும் விலையோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

வாட்டும் தொட்டிக்கும் இதே விதி. வட்டவளை வட்டாரத்தின் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். தென்மேற்குப் பருவத்தில் எடைபோடும் மடுவத்துக்கு வரும் கொழுந்து நனைந்தே வருகிறது. 12 மணிநேரத்தில் வாடுவது 18 மணிநேரம் எடுத்தால் அதே அளவு கொழுந்துக்கு ஒன்றரை மடங்கு தொட்டி வேண்டும். தொட்டி போதாதபோது கொழுந்து தரையில் குவிகிறது. குவிந்த கொழுந்து சூடாகி அவிகிறது. உலர்ந்த மாதங்களின் சராசரியைக் கொண்டு திட்டமிட்ட ஒதுக்கீடு மழை மாதங்களில் உடைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

7. அருகில் வைக்கக் கூடாதவை

உலர்ந்த தேயிலை சுற்றியுள்ள ஈரத்தையும் வாசனையையும் எளிதில் ஏற்கும் பொருள். புகை, மண்ணெண்ணெய், உரம், கிருமிநாசினி, புதுப் பெயின்ற் ஆகியவற்றின் வாடை படிந்த தேயிலையைச் சுவைஞர் உடனே கண்டுகொள்வார். தூரக் கணக்கு மட்டும் பார்த்தால், லொறி வந்து நிற்கும் முகப்பிலேயே உரக் களஞ்சியத்தையும் பொதிக் களஞ்சியத்தையும் சேர்த்து வைக்கத் தோன்றும். இரண்டுக்கும் அதே லொறிதான் வருகிறது. ஆனால் அந்தச் சிக்கனத்தால் ஒரு தொகுதியின் விலை போய்விடலாம்.

பச்சைக் கொழுந்தின் வழியும் உலர்ந்த தேயிலையின் வழியும் குறுக்கிடக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு முறைகளின் அடிப்படை. ஐ.எஸ்.ஓ. 22000 சான்றிதழ் பெற்ற தொழிற்சாலைகள் இதைக் கடைப்பிடிக்க வேண்டியவை. குறுக்குவழி சில மீற்றரை மிச்சப்படுத்தினாலும் மண்ணும் ஈரமும் படிந்த பாதங்கள் சலிப்பு அறை வழியே போகக் கூடாது.

மழை மிகுந்த இவ்வட்டாரத்தில் தரையும் சுவரும் ஈரம் கசியும். சாக்குகளைத் தரையில் அடுக்காமல் பலகைத் தட்டுகளில் வைப்பதும், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விடுவதும் இடத்தைக் குறைக்கின்றன. அந்த இடைவெளியை வீணான இடமாகக் கருதி நிரப்புவது தவறு. வாசலோரத்து முதல் அறை தூரக் கணக்கில் மிகச் சிறந்ததாயினும், சாரல் அடிக்கும் வாசலாக இருந்தால் அது தேயிலைக்குரிய இடமாகாது. வெற்றுச் சாக்குகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் அதை விட்டுவிடலாம்.

8. விறகு: எதிர்த்திசைக் கணக்கு

தொழிற்சாலையில் கொழுந்துக்கு அடுத்த பெரிய சுமை விறகு. இங்கே காலத்தின் விதி தலைகீழாகிறது. கொழுந்து எவ்வளவு குறைவாகத் தங்குகிறதோ அவ்வளவு நல்லது. விறகோ உலரும் வரை தங்கியே ஆக வேண்டும்.

50 வீத ஈரமுள்ள ஒரு கிலோகிராம் விறகில் எரியக்கூடியது அரைக் கிலோகிராம்தான். மீதி நீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. பயனுக்கு எஞ்சுவது ஏறத்தாழ 8 மெகாஜூல். ஈரம் 20 வீதமாகக் குறைந்தால் ஏறத்தாழ 14 மெகாஜூல். ஒரே அளவு வெப்பத்துக்கு ஈரவிறகை 1.8 மடங்கு எடை தூக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நனையும் விறகைவிட, சற்றுத் தள்ளிக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் உலர்ந்த விறகு மொத்தத்தில் மலிவு. தூரம் ஒன்றரை மடங்கானாலும் தொன்-மீற்றர் கணக்கில் இலாபமே.

இதற்கு விறகுக் கொட்டகையை மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். புதிதாக இறங்கும் விறகை வெறுமையான அறையில் இட்டு, அடுப்புக்கு மிகப் பழைய விறகுள்ள அறையிலிருந்தே எடுக்க வேண்டும். இவ்வாறு அறைகளைச் சுழற்சியில் நிரப்பி வெறுமையாக்கினால் அறையிலிருந்து அறைக்கு மாற்றித் தூக்கும் வேலையும் இல்லை. முன்னால் இறக்கி, முன்னாலிருந்தே எடுக்கும் பழக்கத்தில் அடியிலும் பின்னாலும் உள்ள பழைய விறகு இற்றுப்போக, ஈரவிறகே எப்போதும் அடுப்புக்குப் போகிறது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் லொறி ஓட்டத்தின் அருமை தெரிந்த தோட்டங்களுக்கு, வந்து சேர்ந்த விறகின் முழுப் பயனையும் பெறுவது வெறும் சிக்கனம் மட்டுமன்று.

9. கணக்கில் சேராத உடல்

பொருள் கையாளல் பற்றிய பெரும்பாலான கணக்குகள் மீற்றரையும் ரூபாயையும் மட்டுமே அளக்கின்றன. தூக்குபவரின் முதுகும் முழங்காலும் அவற்றில் இடம்பெறுவதில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இல் ஏற்றுக்கொண்ட 128ஆம் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடையின் மேல்வரம்பாக 55 கிலோகிராமைக் குறித்தது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நையோஷ் பின்னர் வகுத்த சூத்திரம், மிகச் சாதகமான நிலையிலும் 23 கிலோகிராமையே தொடக்க அளவாகக் கொள்கிறது. குனிந்தும் திரும்பியும் தோளுக்கு மேலும் தூக்கும்போது அதுவும் குறைகிறது. 50 கிலோகிராம் அளவில் வரும் தேயிலைச் சாக்கு இந்த இரண்டாவது அளவைப்போல் இரு மடங்குக்கு மேல்.

நாளுக்கு 1,000 கிலோகிராம் தேயிலை 20 சாக்கு. ஒரு சாக்கு பொதியறைக்கும் லொறிக்கும் இடையே ஐந்து தடவை தூக்கப்பட்டால் தொழிலாளர் அன்றாடம் தூக்குவது 5 தொன். இரண்டு தூக்கலைக் குறைத்தால் 3 தொன். தூரம் அப்படியே இருந்தாலும் உடலுக்கு இது பெரிய விடுதலை. ஆகவே அடுக்கின் உயரமும் ஒதுக்கீட்டின் ஒரு பகுதி. இடத்தை மிச்சப்படுத்தத் தலைக்கு மேல் அடுக்கும் களஞ்சியம், இடச்செலவைத் தொழிலாளரின் உடம்புக்கு மாற்றி எழுதுகிறது. லொறித்தட்டின் உயரத்துக்கு ஏற்றுமேடை அமைப்பதும், பொதி இயந்திரத்திலிருந்து சாக்கு நேரே பலகைத் தட்டில் இறங்குவதும் பெரும் முதலீடு வேண்டாத திருத்தங்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. மலையகத் தேயிலையின் உற்பத்திச் செலவில் கொழுந்து பறிப்பதற்கான கூலிக்குப் பெரிய பங்கு உண்டு. தொழிற்சாலைக்குள் நடக்கும் நகர்வுகளைச் சீராக்குவதால் தோட்டத்தின் கணக்கு தலைகீழாக மாறிவிடாது என்பது உண்மை. ஆனால் பறிகூலியைக் குறைத்து இலாபம் தேடும் வழி தொழிலாளரின் வாழ்வை நெருக்குகிறது. களஞ்சியத்தைச் சீராக்கும் வழியில் யாருடைய கூலியும் குறைவதில்லை. அதே தொழிலாளரின் சுமை இறங்குகிறது, தேயிலையின் தரமும் காக்கப்படுகிறது. சிறிய இலாபமாயினும் அறத்தோடு ஈட்டப்படும் இலாபம் என்பதே இதன் சிறப்பு.

10. முடிவு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இது. வாசலுக்கு அருகில் வேகமான பண்டம் என்ற விதி தேயிலைத் தொழிற்சாலையின் பொதிக் களஞ்சியத்துக்குள் உண்மையானது, பயனுள்ளது. தொழிற்சாலை முழுவதற்கும் அதுவே முதல் விதியாக முடியாது. இங்கே முடிவுகள் ஒரு வரிசையில் எடுக்கப்பட வேண்டும். முதலில், ஒவ்வொரு பொருளும் எவ்வளவு காலம் தங்க வேண்டும் என்பது: கொழுந்துக்குக் குறைவாக, விறகுக்கு நீளமாக, தேயிலைக்கு ஏலத்தின் ஒழுங்குப்படி. இரண்டாவதாக, எவை அருகருகே இருக்கக் கூடாது என்பது. மூன்றாவதாக, எத்தனை தடவை கைபட வேண்டும் என்பது. இம்மூன்றும் தீர்ந்த பின்பே தூரம். தூரத்திலும் எடை மிகுந்த தொடக்க நிலைக்கே முதல் இடம்.

இதற்குத் தேவையான தரவு தொழிற்சாலையிலேயே இருக்கிறது. கொழுந்து நிறுவைப் பதிவு, தொட்டி நிரப்பும் நேரக்குறிப்பு, தரவாரி உற்பத்திப் பதிவு, அனுப்புகைப் பதிவு ஆகிய நான்கையும் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் போதும். அவற்றோடு தூக்குபவர்களையும் கேட்க வேண்டும். எந்தத் தூக்கல் தேவையற்றது என்பதை எந்தப் பதிவேட்டையும்விட அவர்களே துல்லியமாக அறிவார்கள். தோட்ட நிருவாகங்கள் அடுத்த பருவ மழைக்கு முன் இந்தச் சிறு கணக்கைச் செய்து பார்ப்பது தகும்.